பெருக்கல் குறியின் மேல் ஒரு சிவப்புப் பொட்டு

பாம்பனில் எங்கள் வீட்டுக்கு சோனியின் வீடியோ விளையாட்டுப் பெட்டியான பிளேஸ்டேஷன் 5 வந்து ஏறக்குறைய ஓராண்டு ஆகிறது. என் கணவர் துபாயிலிருந்து விடுப்பில் வந்தபோது மகனுக்காகக் கொண்டுவந்தார். அவன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். பெட்டியின் வேகம், படத்தின் துல்லியம், எந்த விளையாட்டு எப்போது வெளிவருகிறது என்பதெல்லாம் அவன் வயதுப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அவற்றை நான் சொல்லத் தேவையில்லை. நான் எழுத வந்தது வேறொன்று. விளையாட்டைக் கையால் இயக்கும் கருவியான கன்ட்ரோலரை வாழ்நாளில் தொட்டே அறியாத ஒருவர் இந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்தால் என்ன ஆகும்? எங்கள் வீட்டில் அந்த ஒருவர் என் அப்பா.

அப்பாவுக்கு வயது 68. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வள்ளத்தில் சுக்கான் பிடித்தவர். முழங்கால் தேய்ந்து கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு, பகலில் மற்றவர்களுக்கு வலை பின்னிக் கொடுக்கிறார். மாலையில் பேரன் விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். பார்ப்பதோடு சரி. இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் பேரன் எழுந்து வெளியே போன நேரத்தில் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். நான் சமையலறை வாசலில் நின்று கவனித்துக்கொண்டிருந்தேன். ஆசை இருக்கிறது, கை துணியவில்லை. நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. பென்சில் பிடித்தே அறியாத விரல்களுக்கு 22 ஆண்டுகளாகப் பிடிக்கச் சொல்லித் தருகிறேன். அந்தத் தயக்கத்தைப் பார்த்துவிட்டு சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் பொருளைப் பார்ப்போம். டூயல்சென்ஸ் என்ற இந்தக் கன்ட்ரோலரின் எடை சுமார் 280 கிராம். உள்ளங்கையில் நன்றாக அடங்குகிறது. இடப்பக்கம் திசைகளுக்கு நான்கு பொத்தான்கள். வலப்பக்கம் முக்கோணம், வட்டம், பெருக்கல் குறி, சதுரம் என்று நான்கு. மேல் விளிம்பில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு; இடப்பக்கம் எல் 1, எல் 2, வலப்பக்கம் ஆர் 1, ஆர் 2 என்று அவற்றுக்குப் பெயர். கட்டைவிரல்களுக்கு இரண்டு குமிழ்கள். அவற்றை எந்தப் பக்கமும் சாய்க்கலாம், கீழே அழுத்தவும் செய்யலாம். நடுவில் தொடுபலகை, அதுவும் அழுந்தும். இவை போகச் சிறு பொத்தான்கள் நான்கு. அழுத்தக்கூடியவை மொத்தம் 19.

குமிழை அழுத்துவதற்கு எல் 3, ஆர் 3 என்று பெயர். அந்தப் பெயர் கன்ட்ரோலரில் எந்த இடத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. திரையில் ஆர் 3 என்று வந்தால் பழகியவர் யோசிக்காமல் அழுத்திவிடுவார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆர் 1 எங்கே என்று பார்த்தார், ஆர் 2 கிடைத்தது, ஆர் 3ஐத் தேடிக்கொண்டே இருந்தார். இது எந்த ஒரு நிறுவனத்தின் குறையும் இல்லை. குமிழையும் அழுத்தலாம் என்பதை 1990களின் பிற்பகுதியிலிருந்து விளையாடியவர்கள் அறிவார்கள், இனி எல்லோரும் அறிவார்கள் என்று இந்தத் துறை முழுவதும் எடுத்துக்கொண்டுவிட்டது.

இந்தப் பொத்தான்கள் ஒரே நாளில் வந்தவை அல்ல. 1977இல் அட்டாரி நிறுவனத்தின் விளையாட்டுப் பெட்டிக்கு ஒரு குச்சி, ஒரு பொத்தான். 1983இல் ஜப்பானில் நின்டென்டோ கொண்டுவந்த பெட்டிக்குக் கூட்டல் குறி போன்ற திசைப்பொத்தானும் விளையாடுவதற்கு இரண்டு பொத்தான்களும். 1990இல் அந்த இரண்டு ஆறாகின. 1994 டிசம்பரில் முதல் பிளேஸ்டேஷன் எட்டு ஆக்கியது. 1997இல் இரண்டு குமிழ்கள் சேர்ந்தன. அந்தக் காலத்திலேயே தொடங்கியவர்களுக்குப் பாடம் ஆண்டுக்கணக்கில் பிரித்துப் பிரித்துக் கிடைத்தது. அனா ஆவன்னாவில் தொடங்கியவர்கள் அவர்கள். இன்று புதிதாக வருகிறவரிடம் நேராக யாப்பிலக்கணத்தை நீட்டுகிறோம்.

அப்படியானால் பொத்தான் அதிகமாக இருப்பதுதான் ஆட்களைத் துரத்துகிறதா? முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். 2006இல் வந்த, நின்டென்டோவின் வீ என்ற பெட்டி அதற்கு நல்ல சான்று போலத் தெரிகிறது. அதன் கன்ட்ரோலரை ஒரு கையில் பிடித்து மட்டையைப் போல வீசினால் போதும். 10 கோடிக்கும் மேல் விற்றது. ஆனால் அதற்கு முன்பே, 2000இல் வந்த பிளேஸ்டேஷன் 2 இரண்டு குமிழ்களோடும் ஏகப்பட்ட பொத்தான்களோடும் 15 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. என் தம்பி கீழக்கரையில் ஒரு நண்பன் வீட்டில் அதில் விளையாடித்தான் வளர்ந்தான். யாரும் அவனுக்கு வகுப்பெடுக்கவில்லை. பக்கத்தில் நண்பன் இருந்தான், முறை வைத்து விளையாடினார்கள், அவ்வளவுதான். எண்ணிக்கை ஒரு பாதிக் காரணம்கூட இல்லை என்று இப்போது நினைக்கிறேன். ஏன் என்பதை அப்பாவின் கைதான் எனக்குக் காட்டியது.

முதல் மாலை. பெட்டியின் மொழிப்பட்டியலில் அரபு இருக்கிறது, தமிழ் இல்லை. ஆகவே திரையில் வருவதையெல்லாம் பேரன் படித்துச் சொன்னான். “பெருக்கல் குறியை அழுத்துங்கள் தாத்தா.” அப்பா அழுத்தவில்லை. என்னைப் பார்த்தார். “அது தப்புக்குப் போடுகிற குறியல்லவா தாயி?” என்று கேட்டார். அவர் வட்டத்தை அழுத்தினார். திரை பின்னால் போனது. மறுபடி அதே இடத்துக்கு வந்து, மறுபடி வட்டத்தை அழுத்தினார். மறுபடி பின்னால் போனது.

எனக்குச் சுருக்கென்றது. அப்பா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பள்ளிக்கூடம் அவருக்குக் கொடுத்த குறிகளில் அழியாமல் நிற்பது அது. நானும் அதே குறியைத்தான் நாள்தோறும் சிவப்பு மையில் பிள்ளைகளின் நோட்டில் போடுகிறேன். ‘சரி’ என்று சொல்வதற்கு அந்தக் குறியை அழுத்து என்றால் அவர் கை எப்படிப் போகும்?

பிறகு தேடிப் படித்தபோது தெரிந்தது, அப்பாவின் கை சொன்னதே முதல் வடிவமைப்பாளரின் எண்ணமும். இந்த நான்கு குறிகளையும் வரைந்தவர் சோனியின் தெய்யு கோட்டோ. முக்கோணம் பார்வைக்கு, சதுரம் காகிதத்துக்கு, வட்டம் ‘ஆம்’ என்பதற்கு, பெருக்கல் ‘இல்லை’ என்பதற்கு என்று அவரே விளக்கியிருக்கிறார். ஜப்பானியப் பள்ளிகளில் சரியான விடைக்கு வட்டமும் தவறுக்குப் பெருக்கலும் போடுவது வழக்கம். ஜப்பானுக்கு வெளியே போனபோது இது தலைகீழானது. 2020இல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது ஜப்பானிலும் பெருக்கலையே ‘சரி’ ஆக்கிவிட்டார்கள். உலகம் முழுவதும் ஒரே முறை என்பது நல்லதுதான். ஆனால் எந்த முறை என்று முடிவு செய்த இடத்தில் என் அப்பாவைப் போன்ற ஒருவர் உட்கார்ந்திருக்கவில்லை.

இன்னொன்று. முந்தைய கன்ட்ரோலர்களில் முக்கோணம் பச்சை, வட்டம் சிவப்பு, பெருக்கல் நீலம், சதுரம் இளஞ்சிவப்பு. டூயல்சென்ஸின் வெள்ளை மாதிரியில் நான்கும் ஒரே சாம்பல் நிறம். பார்வைக்கு அழகாகவே இருக்கிறது. ஆனால் சொல்லித்தருகிறவருக்கு நிறம் ஒரு பிடிமானம். நீலத்தை அழுத்து என்று சொல்லிவிடலாம். அதனால் என் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து சிறிய சிவப்புப் பொட்டு ஒன்றை எடுத்துப் பெருக்கல் குறியின் மேல் ஒட்டினேன். இனி அது பெருக்கல் இல்லை, பொட்டு. பொட்டு என்றால் ‘சரி’. கட்டைவிரலில் அது இலேசாகத் தடுக்கும், குனிந்து பார்க்க வேண்டியதில்லை. முதல் இரண்டு வாரம் அந்தப் பொட்டு, இடப்பக்கக் குமிழ், இவை இரண்டுதான். மற்ற பதினேழும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

எதை விளையாடுவது என்பதில் மகன் தவறு செய்தான். தனக்குப் பிடித்த கால்பந்து விளையாட்டைப் போட்டான். அதன் பெயர் வேண்டாம். ஒரு பொத்தானுக்குப் பந்து நகரும். அதே பொத்தானை மேல்விளிம்புப் பொத்தானோடு சேர்த்துப் பிடித்தால் வேறு விதமாக நகரும். எதிரணியிடம் பந்து போனதும் எல்லாப் பொத்தான்களின் வேலையும் மாறிவிடும். அப்பா ஐந்து நிமிடத்தில் கீழே வைத்துவிட்டார்.

ஆஸ்ட்ரோஸ் பிளேரூம் அப்படி இல்லை. ஒவ்வொரு பிளேஸ்டேஷன் 5இலும் இலவசமாக ஏற்றியே வருகிற சின்ன விளையாட்டு அது. வாங்குகிற பலர் அதை ஒதுக்கிவிட்டுப் பெரிய விளையாட்டுகளுக்குப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒரு குட்டி ரோபோ. குமிழைச் சாய்த்தால் நடக்கும், பொட்டை அழுத்தினால் குதிக்கும். திரையில் பார்வை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை, அதாவது கேமராவை, பெரும்பாலும் விளையாட்டே பார்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு பகுதியும் கன்ட்ரோலரின் ஒரே ஒரு புதுப் பாகத்தைத்தான் அறிமுகப்படுத்துகிறது: ஓரிடத்தில் தொடுபலகையைத் தேய்த்துப் பந்தை உருட்ட வேண்டும், இன்னோரிடத்தில் கன்ட்ரோலரையே சாய்க்க வேண்டும். நல்ல ஆசிரியர் எழுதிய பாடநூலைப் போல இருக்கிறது.

ரோபோ மணலில் நடந்தபோது கன்ட்ரோலர் அப்பாவின் உள்ளங்கையில் மெல்ல நறநறத்தது. அவர் காலை உள்ளிழுத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். வேறு தரைக்குப் போனதும் அதிர்வு மாறியது. மழை பெய்தபோது துளித்துளியாக விழுந்தது. ரோபோ சுருள்வில் உடை மாட்டிய பகுதியில், சுட்டுவிரலுக்குக் கீழே இருக்கும் பொத்தானை அழுத்த அழுத்த அது எதிர்த்துத் தள்ளும். அந்த எதிர்ப்பை அவர் ஐந்தாறு முறை சும்மா அழுத்தி விட்டு, அழுத்தி விட்டுப் பார்த்தார். தூண்டிலில் விளைமீன் கடித்தால் முதலில் இப்படித்தான் கயிறு கனக்கும் என்றார். அந்தக் கணத்தில் கன்ட்ரோலர் அவருக்கு அந்நியப் பொருளாக இருப்பது நின்றுவிட்டது. இந்த ஒரு சிறப்புக்காகவே டூயல்சென்ஸுக்கு என் முழு மதிப்பெண்.

வலப்பக்கக் குமிழ்தான் கடினமான பாடம். புதியவர்கள் விழுகிற இடமும் அதுதான். பெரும்பாலான விளையாட்டுகளில் இடக்கட்டைவிரல் கால், வலக்கட்டைவிரல் கண். நடந்துகொண்டே பார்வையைத் திருப்ப நாம் யாரும் பிறந்தபின் பாடம் படித்ததில்லை. இங்கே அதைப் படிக்க வேண்டியிருக்கிறது. அப்பா சுவரில் முட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்பார். அதைவிட வியப்பு, இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் குமிழை வலப்பக்கம் தள்ளுவார். தவறாமல், ஒவ்வொரு முறையும். பேரன் பொறுமையிழந்து, “இடது தாத்தா, இடது” என்றான்.

மூன்றாம் நாள் அப்பா கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுத் தரையில் விரலால் ஒரு வள்ளம் வரைந்தார். பின்னால் சுக்கான், அதன் பிடி. பிடியை வலப்பக்கம் தள்ளினால் வள்ளத்தின் முகம் இடப்பக்கம் திரும்பும். இடப்பக்கம் இழுத்தால் வலப்பக்கம். நாற்பது ஆண்டுப் பழக்கம். அவருக்கு இடமும் வலமும் குழம்பவில்லை. எங்கள் எல்லோரையும்விட உறுதியான ஒரு பழக்கம் அவர் கையில் இருந்தது, இயந்திரம்தான் அதற்கு எதிராக நின்றது.

இதற்கு வழி பெட்டியிலேயே இருக்கிறது. அமைப்புகளில் விளையாட்டுகளுக்கான முன்தேர்வுகள் என்று ஒரு பகுதி. கேமரா திரும்பும் திசையை மேல் கீழாகவும் இட வலமாகவும் அங்கே மாற்றி வைக்கலாம். எல்லா விளையாட்டும் அதை மதிப்பதில்லை. மதிக்காதவற்றில் அந்தந்த விளையாட்டின் உள்ளே தேடி மாற்ற வேண்டும். மாற்றிக் கொடுத்தேன். அப்பா குமிழை வலப்பக்கம் தள்ளினார், பார்வை இடப்பக்கம் திரும்பியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இத்தனை பயனுள்ள வசதியை இத்தனை ஆழத்தில் புதைத்து வைத்திருக்க வேண்டுமா? முதல் நாளே, பெட்டியைத் திறந்ததும், உங்கள் கைக்கு எது பழக்கம் என்று ஒரு கேள்வி கேட்டால் போதுமே. எங்கள் கடற்கரையில் சுக்கான் பிடித்த கைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

கடலில் ஒருநாளும் தலை சுற்றாத அப்பாவுக்கு இதில் முதல் வாரம் தலை சுற்றியது என்பதையும் சொல்ல வேண்டும். கேமரா திரும்பும் வேகத்தைப் பாதியாகக் குறைத்தோம், ஒரு நாளைக்கு இருபது நிமிடத்தோடு நிறுத்தினோம், சரியானது. அவர் வலக்கட்டைவிரல் கயிறு அறுத்த பழைய காயத்தால் முழுதாக மடங்காது. குமிழை அழுத்தும் வேலையைத் திசைப்பொத்தான் ஒன்றுக்கு மாற்றினோம். பொத்தான்களின் வேலையை இப்படி இடம் மாற்றுவதற்கும் அமைப்புகளில் வழி இருக்கிறது. கை இன்னும் அதிகமாக ஒத்துழைக்காதவர்களுக்கு 2023 டிசம்பரில் வந்த ஆக்சஸ் கன்ட்ரோலர் என்ற வட்ட வடிவக் கருவி உண்டு. அதை நான் கையாண்டதில்லை.

இனி, எனக்கு மிகவும் முக்கியமானது. பேரன் தாத்தாவின் கையிலிருந்து கன்ட்ரோலரைப் பிடுங்குவான். கெட்ட எண்ணமில்லை. “கொடுங்கள் தாத்தா, இந்த இடத்தை மட்டும் நான் தாண்டிவிட்டுத் தருகிறேன்” என்பான். தாண்டுவான், தருவான். ஆனால் ஒவ்வொரு முறையும் அப்பாவின் விரல்கள் சற்றுத் தளர்வதை நான் பார்த்தேன். பென்சிலைப் பிடுங்கி ‘அ’ எழுதிக் காட்டும் ஆசிரியரிடம் பிள்ளை ‘அ’ கற்பதில்லை, தன்னால் முடியாது என்பதைக் கற்கிறது. பத்தொன்பது பொத்தான்கள் செய்யாத கெடுதலை அந்த ஒரு பிடுங்கல் செய்யும். மகனிடம் கோபமாகவே சொன்னேன். அவன் முகம் வாடியது. பிறகு அவனே ஒரு வழி கண்டுபிடித்தான்.

2023இல் வந்த மென்பொருள் மேம்படுத்தலிலிருந்து, இரண்டாவது கன்ட்ரோலர் ஒன்றைத் துணைக் கன்ட்ரோலராக இணைக்கலாம். இரண்டு பேர் கையிலும் இருப்பது பெட்டிக்கு ஒரே கன்ட்ரோலர். இரண்டாவதை வாங்கப் பக்கத்து நகரம் ஒன்றில் ஒரு கடைக்கு அப்பாவையும் அழைத்துப் போனேன். யாருக்கு என்று கேட்ட இளைஞர், அப்பாவைப் பார்த்துவிட்டு, “பெரியவருக்கு இதெல்லாம் வராது அம்மா, பொத்தான் அதிகம்” என்றார். ‘வராது’ என்ற சொல்லை என் வகுப்பில் நான் யாரையும் சொல்ல விடுவதில்லை. வேறு கடையில் வாங்கினோம். விலையைப் பொறுத்தவரை, 2021 பிப்ரவரியில் பெட்டி இந்தியாவில் வெளிவந்தபோது விளையாட்டுத் தட்டு (டிஸ்க்) போடும் மாதிரி 49,990 ரூபாய், தட்டு இல்லாதது 39,990 ரூபாய், தனிக் கன்ட்ரோலர் 5,990 ரூபாய். வாங்குவதற்கு முன் இன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். புதியவர் இருக்கும் வீடென்றால் இன்னொரு விளையாட்டுக்குக் கொடுக்கும் பணத்தை இரண்டாவது கன்ட்ரோலருக்குக் கொடுங்கள்.

அன்று முதல் தாத்தா நடப்பார், குதிப்பார். பேரன் வலப்பக்கக் குமிழை மட்டும் பார்த்துக்கொள்வான். அப்பாவுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. மன்னார் வளைகுடாவில் தீவுகளை ஒட்டிப் போகும்போது, வள்ளத்தின் முன்பக்கமான அணியத்தில் ஒருவர் நின்று தண்ணீருக்குள் பாறை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார், பின்னால் இருப்பவர் சுக்கானைத் திருப்புவார். “நீ அணியத்தில் நில்லப்பா” என்று பேரனிடம் சொன்னார். ஒரு மாதத்தில் பேரனின் பங்கு தானாகக் குறைந்தது. இப்போது கிரான் டூரிஸ்மோ 7இல் காரும் ஓட்டுகிறார். தானாக பிரேக் பிடிக்கும் உதவியும் திருப்பத்தில் துணை செய்யும் உதவியும் அதில் இருக்கின்றன. ஆனால் அவருக்குக் கார் பிடிக்கவில்லை. ரோபோவையும் காடு மலை சுற்றும் விளையாட்டுகளையுமே விரும்புகிறார்.

கடற்கரை வீடுகளுக்குச் சில செய்திகள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் உப்பு எதன் மேலும் படியும். விளையாடி முடித்து, பெட்டி சூடு ஆறிய பிறகு பருத்தித் துணியால் மூடுங்கள். ஓடும்போது பின்பக்கக் காற்றுவழியை எதுவும் மறைக்கக் கூடாது. கன்ட்ரோலரை உலர்ந்த துணியால் துடைத்து மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். பெரிய விளையாட்டுகள் ஓடும்போது பெட்டி 200 வாட் அளவுக்கு மின்சாரம் எடுக்கும். வீட்டு இன்வெர்ட்டரை நம்பி விளையாடாதீர்கள். வசன எழுத்தைப் பெரிதாக்கும் வசதி உள்ள விளையாட்டுகளில் அதை முதலிலேயே பெரிதாக்கிவிடுங்கள்.

வாங்கலாமா என்று கேட்டால், பக்கத்தில் உட்கார ஒருவர் இருக்கும் வீட்டுக்குத் தயங்காமல் வாங்கலாம். தனியாக இருக்கும் பெரியவருக்குப் பெட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவதென்றால் வேண்டாம்.

போன வாரம் கன்ட்ரோலரைத் துடைக்க எடுத்தபோது பெருக்கல் குறியின் மேல் பொட்டு இல்லை. வியர்வையில் உதிர்ந்திருக்கிறது. புது அட்டையைப் பிரித்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். எப்போது விழுந்தது என்று கேட்டேன். தெரியவில்லை தாயி என்றார். கையை நீட்டி, கன்ட்ரோலரைக் கொடு என்றார். அவருடைய ரோபோ ஒரு பாறை விளிம்பில் காத்துக்கொண்டிருந்தது.